மூன்றாவது புள்ளிக்கு விட்ட இடம்

மழை விட்டு வெயில் தலைகாட்டிய முற்பகல் வேளை அது. கல் பாவிய அகன்ற தெருவின் இரு மருங்கிலும் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே சுருண்டேற, ஈரம் உலராத நடைபாதையில் சுமையாட்கள் நாற்காலிகளைத் தலைகீழாய்க் கவிழ்த்துத் தோளிலேற்றி நடக்க, தளர்ந்த சாக்கடை மூடியின்மேல் வண்டிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் எழுந்த ஓசைக்கு எதிர்வீட்டு நாயொன்று தவறாமல் மறுமொழி கூற, அத்தெரு தன் நாளைத் தொடங்கிக்கொண்டிருந்தது. தெருவின் நடுவே, மூன்று மாடி உயர்ந்து, சாம்பல் நிறச் சுவரும் நெடிய சாளரங்களும் தாங்கி, தன் அகவையைத் தானே மெச்சிக்கொண்டு நின்றது பழம்பொருள் ஏலக்கூடம். உள்ளே, ஓடாத சுவர்க் கடிகாரங்களும், கைப்பிடி தேய்ந்த குடைகளும், எவரெவர் முகத்தையோ காட்டிக் காட்டிப் புள்ளி விழுந்த நிலைக்கண்ணாடிகளும், மூடி தொலைந்த தேநீர்க் குவளைகளும், உரியவரைப் பறிகொடுத்துவிட்டு, எண் பொறித்த அட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் காத்திருந்தன.

படிப்போரே, பழம்பொருள் வாங்குவோரை நீவிர் அறிவீர். அவர்கள் வாங்குவது பொருளையன்று. அப்பொருளோடு ஒட்டிவரும் கதையை. கால் ஆடும் நாற்காலியொன்று வெறும் நாற்காலியாய் இருக்கும்வரை அடுப்புக்கே உரியது. ஒரு படைத்தலைவன் அதன்மேல் அமர்ந்து தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், அதே ஆட்டம் வரலாற்றின் நடுக்கமாகிவிடும். ஆகவே அக்கூடத்தில் சீட்டெழுதுவதற்கென்றே ஒருத்தி இருந்தாள். நாற்பதை எட்டிய அகவையும், மூக்கின் நுனிவரை சறுக்கும் கண்ணாடியும், கூர்மையான எழுதுகோல் இல்லாவிடில் முகம் சுளிக்கும் பிடிவாதமும் உடைய அவளை அங்குள்ளோர் சீட்டெழுத்துக்காரி என்றே அழைத்தனர். பதினோராண்டாக அவள் எழுதிய சீட்டுகளே பேழைகளுக்குள் பேசிக்கொண்டிருந்தன.

அக்கூடத்தை நிறுவியவர் விட்டுச்சென்ற வழக்கம் ஒன்று உண்டு. ஏலத்தின்போது ஒவ்வொரு பொருளுக்கும் உரிய சீட்டை எழுதியவரே எழுந்து நின்று, அவையோர் கேட்க உரக்கப் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கப்பட்ட சீட்டு அன்றே பெரும் பதிவேட்டில் ஒட்டப்பட்டுவிடும். ஒட்டியபின் அதில் ஓர் எழுத்தையும் எவரும் திருத்தலாகாது. பொருள் கைமாறிக் கைமாறி எங்கு சென்றாலும், நூலெழுதுவோரும் மறுபடி விற்போரும் அப்பதிவேட்டைப் புரட்டியே அதன் வரலாற்றை எடுப்பர். சீட்டு பொய்யாயின், பொய்யே அப்பொருளுக்கு என்றென்றைக்குமான வரலாறு.

இனி, அவ்வாண்டின் ஏலத்துக்கு வந்த பொருள்களுள் எல்லார் கண்ணையும் இழுத்தது ஒரு சாண் உயரமுள்ள தகரப் பொம்மை. மறைந்துபோன ஆலையொன்றில் செய்யப்பட்ட காவலன் அவன். முதுகிலுள்ள திருகைச் சுற்றினால், கையிலுள்ள விளக்கை ஆட்டியபடி பத்தடி நடந்து நிற்பான். அவனைப் போன்ற காவலர்கள் பல்லாயிரவர் உண்டு. அவர்கள் எல்லாரும் கண் திறந்தவர்கள். இவனும் இவனையொத்த சிலரும் மட்டுமே கண் மூடியவர்கள். உலகெங்கும் பத்தொன்பது பேரே எஞ்சியிருப்பதாகச் சொல்லப்பட்ட அவ்வினத்துக்கு ‘உறங்கும் காவலன்’ என்று பெயரிட்டு, அதன் கதையைக் கைந்நூலாய் எழுதியவர் ஒரு பல் மருத்துவர். ஊரார் வாயைத் திறக்கவைத்தே பொருளீட்டி, எஞ்சிய பொழுதில் பிழையான பொருள்களைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்வாக்கிக்கொண்டவர் அவர். தலைகீழாய் அச்சான அஞ்சல் தலை, இடக்கைக்கு இரண்டு கட்டைவிரல் வைத்த பளிங்குச் சிலை, பதின்மூன்று எண் எழுதிய கடிகாரம் என்று அவர் வீடு முழுவதும் பிறர் தவறுகள் பளபளத்தன. தகரக் காவலனைப் பற்றி அவர் எழுதியிருந்தது இது: வண்ணம் தீட்டும் பெண்ணொருத்தி வேலை நேரத்தில் உறங்கி வழிந்து, கண்ணுக்கு மாறாக இமையை வரைந்துவிட்டாள்; பிழை கண்டறியப்பட்டு அன்றே வேலையினின்று நீக்கப்பட்டாள். தம் சேகரிப்பில் ஒரு பகுதியை விற்க முனைந்த மருத்துவரே அப்பொம்மையையும், அதனோடு கண் திறந்த காவலர் அறுவரையும் கூடத்துக்கு அனுப்பியிருந்தார். சீட்டெழுத்துக்காரியும் கைந்நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவ்வரிகளை அப்படியே சீட்டில் இறக்கிவிட்டாள். ஒரு பொருளைக் கையிலெடுத்துப் பாராமல் அவள் எழுதியது பதினோராண்டில் அதுவே முதன்முறை. வேலைப்பளு என்று சொல்லலாம். சோம்பல் என்பதே பொருத்தம்.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு, பொதுமக்கள் பார்வைக்குக் கூடம் திறந்திருந்தது. எழுபதைக் கடந்த ஒரு பெண், கைப்பையை மார்போடு அணைத்தபடி, காவலன் நின்ற கண்ணாடிப் பேழைக்கு முன் நெடுநேரம் அசையாது நின்றாள். பிறகு சீட்டை ஒருமுறை, மறுமுறை, விரலால் வரி தொட்டு மூன்றாம் முறை படித்துவிட்டு, மேசையில் அமர்ந்திருந்தவளிடம் வந்தாள்.

“இந்தச் சீட்டை எழுதினது யாரு?”

“நான்தாம்மா. எழுத்து சின்னதா இருக்கா? படிச்சுச் சொல்லட்டுமா?”

“எழுத்து முத்து முத்தா இருக்கு. எழுதினதுதான் பொய்.”

இத்தகையோர் அக்கூடத்துக்குப் புதியவரல்லர். வாரம் ஒருவரேனும் வந்து, அந்தக் கட்டில் தம் முப்பாட்டனுடையது என்றும், அந்தப் படத்திலிருப்பவர் தம் அத்தை என்றும் வழக்காடிச் செல்வர். சீட்டெழுத்துக்காரி அதற்கென வைத்திருந்த பொறுமைப் புன்னகையை எடுத்து அணிந்துகொண்டாள்.

“இது கைந்நூல்ல இருக்கறதும்மா. நாப்பது வருஷமா எல்லாரும் ஒத்துக்கிட்டது.”

“எல்லாரும்னா யாரு? என்னை யாரும் கேக்கலையே! அந்தத் தூங்கி வழிஞ்ச பொண்ணு நான்தான்.”

புன்னகை பாதியில் நின்றது. முதியவள் குரலை உயர்த்தவில்லை, கண்ணைத் தாழ்த்தவுமில்லை. “நான் சொல்றதை நம்ப வேண்டாம். அவனோட இடது காலைத் தொறந்து பாரு. அடித்தகட்டை நெம்பினா வந்துடும். பாத்துட்டு வந்து, நான் தூங்கினேனா இல்லையான்னு நீயே சொல்லு” என்று கூறி, வருகையாளர் ஏட்டை இழுத்துத் தன் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதினாள். தொழில் என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘நாலாவது இருக்கை’ என்று எழுதிவிட்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கிச் சென்றாள்.

நண்பகல் உணவு வரை சீட்டெழுத்துக்காரி அதை மறந்திருக்கவே முயன்றாள். மறக்கத்தான் முடியவில்லை. கூடம் வெறிச்சோடிய இடைவேளையில் பேழையைத் திறந்து காவலனை வெளியிலெடுத்து, மெல்லிய துணியின்மேல் கிடத்தி, உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு இடது காலின் அடித்தகட்டை நெம்பினாள். உட்புறத்தில் சிறுசிறு வண்ணப் புள்ளிகள் வரிசையாய்த் தெரிந்தன. ஒப்பிட்டுப் பார்க்கக் கண் திறந்த அறுவரையும் கொணர்ந்து அவர்கள் காலையும் திறந்தாள். ஒவ்வொருவர் காலிலும் ஐந்து புள்ளிகள்: வெள்ளை, மஞ்சள், நீலம், கருஞ்சிவப்பு, பச்சை. அறுவருக்கும் அதே ஐந்து, அதே ஒழுங்கு, அதே இடைவெளி. கண் மூடியவன் காலில் மட்டும் நான்கே இருந்தன. வெள்ளையும் மஞ்சளும் இருந்தன. நீலம் இருக்கவேண்டிய இடம் வெறுந்தகரமாய் விடப்பட்டிருந்தது. அதன்பின் கருஞ்சிவப்பும் பச்சையும் தத்தம் இடத்தில் இருந்தன. மறதியால் விட்டதாயின் அடுத்த புள்ளி நெருங்கி வந்திருக்கும். இங்கோ, வராத ஒருவருக்குப் பந்தியில் இடம் போட்டு வைப்பதுபோல், அளந்து விடப்பட்டிருந்தது அவ்விடம்.

பின்னர் முகத்தை ஆய்ந்தாள். இமையோரத்தில் வண்ணம் சற்றே உதிர்ந்த இடம் ஒன்றிருந்தது. அதன் அடியில் தோல் நிறம், அதற்கும் அடியில் தகரம்; விழியின் வெண்மை எங்குமில்லை. இமை ஒவ்வொன்றிலும் மயிர்கள் ஏழு, வலமும் இடமும் ஒரே வளைவு, ஒரே நீளம். உறங்கி வழிபவள் கை இவ்வாறு வரையுமா? நிறத்துக்கொருத்தி வரிசையில் அமர்ந்து தீட்டுவதே ஆலை வழக்கம்; வெண்மையே தீட்டப்படவில்லையெனில், இமை வரைந்தவளுக்கு முன்னிருந்தவளும் உறங்கினாளா? வரிசையில் அமர்ந்தோர் அனைவரும் ஒரே நொடியில் உறங்கி, ஒரே நொடியில் விழித்தனரோ? ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும் இவ்வினாக்களை நாற்பதாண்டாக எவரும் கேட்டிலர், அவளும் கேட்டிலள். வெட்கம் அவள் காதுவரை சுட்டது.

அன்று மாலையே அவள் அம்முகவரியைத் தேடிச் சென்றாள். நான்கு மாடி ஏறிய உச்சியில் ஒற்றை அறை. இரும்புக் கட்டில், அடுப்பு, சாளரத்தை ஒட்டிய மேசை, மேசைமேல் வாய் கட்டிய வண்ணக் குப்பிகள். சாளரக் கதவுகள் கழற்றப்பட்டிருந்தன. வாயிற்கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

“தாழ்ப்பாள் இல்லாம தனியா இருக்கீங்களே, திருடன் வந்தா?”

“வரட்டுமே. பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. உக்காரு. காலைத் தொறந்தியா?”

“தொறந்தேன். நீலப் புள்ளி இல்ல.”

 முதியவள் அடுப்பில் நீரை ஏற்றிவிட்டு வந்து, உள்ளங்கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்னதை யாம் சுருங்கத் தருகின்றோம். அவள் சினத்தைச் சுருக்கும் ஆற்றல் எமக்கில்லை.

வண்ண அறையில் ஐந்து பெண்கள் நெடும்பலகை ஒன்றின் முன் வரிசையாய் அமர்ந்திருந்தனர். முதலாமவள் தோல் நிறம் பூசுவாள்; இரண்டாமவள் விழிக்கு வெண்மை இடுவாள்; மூன்றாமவள் கருவிழி வைப்பாள்; நான்காமவள் புருவமும் மீசையும் வரைவாள்; ஐந்தாமவள் சட்டைக்கு நிறமும் பொத்தானும் தீட்டுவாள். எவள் கை பிசகியது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொருத்தியும் தனக்கென ஒதுக்கிய அடையாள நிறத்தில் பொம்மையின் காலுக்குள் ஒரு புள்ளி வைத்தாகவேண்டும். ஈர வண்ணத்தில் தூசி படியலாகாதென்று சாளரங்கள் ஆணியறைந்து மூடப்பட்டிருந்தன. வேலை நேரத்தில் எவளும் வெளியே செல்லலாகாதென்று கதவு புறத்தே பூட்டப்பட்டிருந்தது. பூட்டுக்கு ஒரு காவலன். தகரத்தாலானவன் அல்லன், சோறுண்டு வளர்ந்தவன். மூன்றாம் இருக்கையிலிருந்தவள் எப்போதும் ஏதேனும் பாட்டை முணுமுணுத்தவாறே இருப்பாள். அதனால் அவளை மைனா என்று அழைத்தனர். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு.

“அன்னைக்கு வண்ணத்தைக் கரைக்கிற எண்ணெய் டின் ஒண்ணு கவுந்துடுச்சு. வாடைன்னா அப்படி ஒரு வாடை. எங்களுக்கே தலை சுத்துச்சு. மைனா சாஞ்சுட்டா. கதவைத் தட்டினோம். கை வலிக்க வலிக்க தட்டினோம். அப்புறம் பொம்மைங்களை எடுத்துத் தட்டினோம். வெளிய இருந்து அவன் குரல் குடுத்தான், மணி அடிச்சாதான் தொறப்பேன்னு. மணி அடிக்க அரை மணி நேரம் இருந்துச்சு.”

“தொறக்கவே இல்லையா?”

“மணி அடிச்சதும் தொறந்தான். ரொம்ப நேர்மையான ஆளு!” என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் சிரிப்பு ஏதும் இல்லை. “அவளுக்கு நெஞ்சு பலவீனம்னு எழுதிட்டாங்க. எங்களை வாயைத் தொறக்காதேன்னாங்க. மறுநாள் காலைல வந்தா அவ இடம் காலி. மதியம் புது ஆள் வரும், அதுவரைக்கும் நீங்களே பாத்துக்கங்கன்னாங்க. நாங்க நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஒரு வார்த்தை பேசல. ரெண்டாவது இருக்கைக்காரி வெள்ளையை விட்டுட்டா. நான் புருவத் தூரிகையாலயே இமையை வரைஞ்சேன். புது ஆள் வர்றதுக்குள்ள நாப்பது காவலனுக்குக் கண்ணை மூடிட்டோம். எல்லாம் பெட்டில ஏறி ஊர் ஊரா போயிடுச்சு.”

“தூங்கினான்னு காட்டறதுக்கா?”

“தூங்கினவன் மேல எனக்கென்ன கோவம்? அவன் முழிச்சுட்டுதான் இருந்தான். முழிச்சிருந்தும் பாக்காதவனுக்கு எதுக்கு கண்ணு? அதுதான் மூடினோம். உங்க டாக்டர் அவனுக்கு ‘உறங்கும் காவலன்’னு பேர் வச்சு, தூக்கத்தை என் தலைல கட்டிட்டார்.”

கடைகளிலிருந்து செய்தி வந்து கண்டுபிடிக்கப்பட்டபோது, இமை வரைந்தது தன் கையொன்றே என்று கூறி மற்ற மூவரையும் அவள் காத்தாள். உறங்கிவிட்டாள் என்று ஆலையார் எழுதி வெளியேற்றினர். உண்மையை எழுதினால் பூட்டிய கதவையும் எழுதவேண்டுமே! தூங்குமூஞ்சி என்ற பெயர் அவளுக்கு முன்னே ஒவ்வோர் ஆலை வாயிலுக்கும் சென்று நின்றது. முப்பதாண்டு அவள் வண்டிகளுக்கு எண் எழுதிப் பிழைத்தாள். மற்ற மூவரும் இப்போது உயிரோடில்லை.

சீட்டெழுத்துக்காரி தலை கவிழ்ந்து, “நான் பாக்காம எழுதிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க. முதலாளிகிட்ட சொல்லி உங்களுக்கு வருத்தம் தெரிவிச்சு ஒரு கடிதம்...” என்று தொடங்கினாள்.

“கடிதம் வச்சு நான் என்ன பண்ண, அடுப்பு பத்த வைக்கவா? மாத்தி எழுது. பிழைங்கற சொல்லை எடு. அவ செத்ததை எழுது. எல்லார் முன்னாடியும் படி. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

மறுநாள் காலை கூடத்தின் உரிமையாளர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். தீயவர் அல்லர் அவர்; தம் கடையின் சுவர்களை மட்டும் உலகமென்று கொண்டவர். பல் மருத்துவரையும் அழைத்து அமர்த்தியிருந்தார்.

“ஏம்மா, உனக்கு இந்தத் தொழிலோட விதி தெரியாதா? தானா நேர்ந்த பிழைன்னாதான் மதிப்பு. வேணும்னே மாத்தினதுன்னா அது கெட்டுப்போன பொருள். எவன் வாங்குவான்?” என்றார் உரிமையாளர்.

“உண்மை அதுதானே முதலாளி.”

“உண்மைதான். யாரு இல்லைன்னா? ஒரு பொண்ணு தூங்கினான்னு போட்டா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

“அவங்களுக்கு.”

“அவங்க வாங்க வரலையேம்மா!”

மருத்துவர் இடைபுகுந்து, அக்கிழவியின் பேச்சுக்குச் சான்றில்லை என்றும், புள்ளியொன்று குறைந்ததும் இன்னொரு பிழையே என்றும், அதனால் பொம்மையின் சிறப்பு கூடுவதாகவே தாம் கருதுவதாகவும் உரைத்தார். பிறர் தவறுகளை உயிராய்ப் போற்றியவருக்குத் தம் தவறொன்று கண்ணுக்குப் புலப்படவில்லை. உரிமையாளர் எழுந்து முடிவுரைத்தார்: “நாளைக்கு எழுதி வச்ச சீட்டைப் படி. வேற எதாவது படிச்சேன்னா, நாளன்னைக்கு நீ வர வேண்டாம்.”

அவள் அஞ்சினாள். அஞ்சவில்லை என்று எழுதி அவளைப் பெருமைப்படுத்த எமக்கு விருப்பமில்லை. அவ்வேலையை அவள் விரும்பினாள். அம்மேசையின் கீறல்களைக்கூட விரும்பினாள். அதைவிட்டால் செய்வதற்கு வேறொன்றும் அறியாள். ஆயினும் அன்று பிற்பகல் அவள் எழுதுகோலைச் சீவினாள். பழைய சீட்டைக் கிழித்துக் கூடைக்குள் போட்டாள். அடித்தல் திருத்தலின்றிப் புதிய சீட்டொன்றை எழுதி, அடியில் தன் கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாய் இட்டாள்.

ஏல நாளில் கூடம் நிரம்பியிருந்தது. தொலைவூர்களிலிருந்து சேகரிப்போர் வந்திருந்தனர். கழுத்தில் உருப்பெருக்கியும் கையில் கைந்நூலுமாய், தத்தம் பகைவரை ஓரக்கண்ணால் அளந்தபடி அமர்ந்திருந்தனர். முதல் வரிசையின் ஓரத்தில் முதியவள் கைப்பையை அணைத்தபடி வந்தமர்ந்தாள். காவலனின் முறை வந்ததும் உரிமையாளர் மரச்சுத்தியைக் கையிலெடுத்துக்கொண்டு சீட்டெழுத்துக்காரியை நோக்கினார். அவள் எழுந்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தாளை இரு கையாலும் பற்றிப் படித்தாள்.

“தகரக் காவலன். இவன் இமைகள் பிழையால் வரையப்பட்டவை அல்ல. வண்ண அறையின் நான்கு பெண்கள் தெரிந்தே இவன் கண்களை மூடினர்...”

சலசலப்பு எழுந்தது. உரிமையாளர் சுத்தியை ஓங்கித் தட்டினார். “நிறுத்தும்மா!” என்றார். அவள் நிறுத்தவில்லை. மைனா இறந்த செய்தியைப் படித்தபோது, நாற்காலிகள் இழுபடும் ஓசையிலும் எதிர்ப்புக் குரல்களிலும் அச்சொற்கள் மூழ்கின. பல் மருத்துவர் முகம் சிவக்க எழுந்தார்.

“யாரோ ஒரு அம்மா வந்து சொன்னா ஆச்சா? ஏழு மயிர், ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி! அதை ஒரு மனுஷக் கை நெனச்சு நெனச்சு வரைய முடியாது. ஏதோ அரைத் தூக்கத்துல தன்னை அறியாம விழுந்தது அது. முடியும்னா வரைஞ்சு காட்டச் சொல்லுங்க பாப்போம்! இந்தாங்க, என் பொம்மைதான்” என்று கண் திறந்த அறுவருள் ஒருவனைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“குடுங்க” என்று முதியவள் எழுந்தாள்.

பழுது பார்க்கும் அறையிலிருந்து வண்ணக் குப்பிகளைச் சீட்டெழுத்துக்காரியே ஓடிச் சென்று கொணர்ந்தாள். முதியவள் தூரிகைகளுள் மெல்லியதைத் தேர்ந்து, அதிலும் மிகுதியான மயிர்களைப் பல்லால் கடித்து இழுத்து, மூன்றை மட்டும் விட்டுவைத்தாள். அவள் கை நடுங்கியது, அனைவரும் கண்டனர். அவள் அதை மறைக்க முயலவில்லை. சுண்டுவிரலைக் காவலனின் மோவாயில் ஊன்றிக்கொண்டாள். நடுக்கம் அவ்விரலில் தங்கிவிட்டது. தோல் நிறத்தால் இரு விழிகளையும் மூடி, அது இறுகும்வரை ஊதி, பிறகு கருஞ்சிவப்பைத் தொட்டு இமையை வளைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஏழு மயிர், மறுபக்கம் ஏழு.  தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, இரு காவலரையும் அருகருகே நிறுத்தி, மருத்துவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. நல்லாப் பாருங்க. நான் தூங்கறேனா?”

மருத்துவர் குனிந்தார். உருப்பெருக்கியால் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மீண்டும் இவனைப் பார்த்தார். அம்மனிதரிடம் ஒரு நேர்மை இருந்தது. கருவியின் வழியே கண்டதை அவர் என்றும் மறுத்தவரல்லர். “ஒரே கைதான்” என்றார் மெல்ல. பின்பு, தம் கைந்நூல் முழுவதும் கண்முன்னே சரிவதைக் கண்டவராய்க் கசந்து, “அப்போ இது பிழையே இல்ல. வேணும்னே செஞ்சது. இதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. வெறும் தகரம்” என்றார்.

“வெறும் தகரந்தான் டாக்டர். காகிதமும் மையும் ஆலைக்காரங்க கைல இருந்துச்சு. எங்க கைல தகரம் மட்டுந்தான் இருந்துச்சு. அதுல எழுதினோம். உங்களுக்குப் படிக்கத் தெரியல.”

 உரிமையாளர் தம் சுத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதியவள் சீட்டெழுத்துக்காரியின் பக்கம் திரும்பி, “இன்னொரு தடவ படி. மைனா பேரு வந்த எடத்துல எல்லாரும் பேசிட்டாங்க” என்றாள்.

சீட்டெழுத்துக்காரி மறுபடி முதலிலிருந்து படித்தாள்.  “தகரக் காவலன். இவன் இமைகள் பிழையால் வரையப்பட்டவை அல்ல. வண்ண அறையின் நான்கு பெண்கள் தெரிந்தே இவன் கண்களை மூடினர். மூன்றாம் இருக்கையில் கருவிழி வைத்தவள், தோழியரால் மைனா என்று அழைக்கப்பட்டவள், புறத்தே பூட்டிய கதவுக்குப் பின்னே மூச்சுத் திணறி இறந்தாள். கதவருகே நின்ற காவலன் விழித்திருந்தும் திறக்கவில்லை. அதைச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. காலின் உட்புறத்தில் மூன்றாவது புள்ளி இல்லை; அவளுக்கென இடம் விடப்பட்டிருக்கிறது. இமை வரைந்தவள் நான்காம் இருக்கையாள். அவள் உறங்கவில்லை.”

எவரும் எழுந்து நிற்கவில்லை. எவரும் கண்ணீர் சொரியவில்லை. அவையெல்லாம் கதைகளில் எளிதாய் நிகழ்வன. ஆயினும், படித்து முடியும்வரை எவரும் பேசவில்லை. அவள் கேட்டதும் அவ்வளவே. உரிமையாளர் வழக்கப்படி மும்முறை விலை கேட்டார். மும்முறையும் ஒரு கையும் உயரவில்லை. ‘விலை போகவில்லை’ என்று கூறிச் சுத்தியைத் தட்டிவிட்டு, நிறுவியவரின் வழக்கத்தை மீறும் துணிவு தமக்கும் இல்லாமையால், சீட்டைத் தம் கையாலேயே பதிவேட்டில் ஒட்டினார்.

சீட்டெழுத்துக்காரி அன்றே வேலையிழந்தாள். காவலன் மருத்துவர் வீட்டுக்கே திரும்பினான். கதவைப் பூட்டிவைத்த ஆலையின் உரிமையாளர் எவரும் தண்டிக்கப்படவில்லை; அவர்கள் பெயர் தாங்கிய கட்டடங்கள் இன்றும் வெள்ளையடித்துப் பொலிவாய் நிற்கின்றன. படிப்போரே, அறம் வென்றது என்று முடிக்கும் நிறைவை உமக்குத் தர எம்மால் இயலவில்லை. ஆனால் அப்பதிவேடு இருக்கிறது. விலை போன பொருள்களின் புகழ்மொழிகளுக்கு நடுவே, விலை போகாத ஒன்றின் வரலாறு அதில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைக் கிழிக்க எவருக்கும் உரிமையில்லை. தகரக் காவலனைப் பற்றி இனி நூலெழுதப் புகும் எவரும் அப்பக்கத்தைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால், அவள் உறங்கவில்லை என்பதைப் படித்தே ஆகவேண்டும்.